கால்மாட்டில் நின்றவர்

தோழர் வெள்ளிங்கிரி சொல்லிவந்த கதையை நஞ்சப்பன் சந்தேகப்பட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வெளியே யாரிடமும் சொன்னதில்லை. செருப்புக்குள் புகுந்துகொண்ட பொடிக்கல் மாதிரி அது கூடவே வந்தது. நடந்தால் உறுத்தும், உட்கார்ந்தால் மறந்துபோகும், கழற்றி உதறத்தான் கை போகாது. இன்றைக்கு உதறியாக வேண்டும். அதற்காகத்தான் ஐம்பத்து நாலு வயதில், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேசினால் வாயிலிருந்து புகை வருகிற குளிரில், பாஷை தெரியாத இந்த ஊரின் நடுச்சதுக்கத்தில் வரிசையில் நிற்கிறான். எதிரே சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் கல் கட்டடம். அதற்குள்ளே கண்ணாடிப் பெட்டியில் தலைவர் படுத்திருக்கிறார். நஞ்சப்பனைப் பெற்ற அய்யன் ஆறுக்குட்டி பிறப்பதற்கு முன்னாலேயே செத்தவர். அய்யன் செத்து நாற்பத்திரண்டு வருஷமாகிறது. தலைவர் அப்படியே இருக்கிறாராம். அய்யனை மறுநாளே எரித்தாயிற்று, சாம்பல் நொய்யலில் போயிற்று, நொய்யலே இப்போது சாயத்தண்ணியாகப் போகிறது. யாரை வைத்துக்கொள்வது யாரை எரித்துவிடுவது என்று யார் முடிவு பண்ணுகிறார்கள் என்று நினைத்தான், அப்படி நினைப்பது அய்யனுக்குப் பிடிக்காது என்றும் நினைத்தான், அய்யனுக்கு என்ன பிடிக்கும் என்று தனக்கு என்ன தெரியும், பன்னிரண்டு வயதில் பார்த்த ஆள், பாதி ஞாபகம் வெள்ளிங்கிரி சொல்லி வந்த ஞாபகம். அங்கேதான் உறுத்துகிறது.

கதை இதுதான். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அய்யனும் வெள்ளிங்கிரியும் வைண்டிங் இலாகாவில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டுவிடுவது வேலை, ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் முடிச்சு. இந்த நாட்டுக்குப் போகிற தொழிலாளர் குழுவில் ஓர் ஆளைச் சேர்க்கச் சங்கத்தில் சீட்டுக் குலுக்கினார்கள், ஆறுக்குட்டி பேர் விழுந்தது. ஒருவேளைக்கு ஆகட்டும் என்று வெள்ளிங்கிரிக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்தார்கள். புறப்படுகிற வாரம் பார்த்து வேலைநிறுத்தம். "நீ போ வெள்ளிங்கிரி, நான் கேட்டுல நிக்கறேன். பாத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று அய்யன் விட்டுக்கொடுத்தார். மாலை போட்டு வெள்ளிங்கிரியை ரயிலேற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலையில் மில் கேட்டில் தடியடி. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அய்யன் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வெள்ளிங்கிரி வந்தார், தோளில் ஒரு கறுப்புக் கோட்டு, சட்டையில் தலைவர் படம் போட்ட சின்ன சிவப்பு பேட்ஜ். நஞ்சப்பனை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "ஓட்டல்ல இருக்கைல தந்தி வந்துச்சு சாமி. விடிஞ்சதும் ஓடுனேன். தலைவர் கால்மாட்டுல நின்னு உங்கய்யன் பேரைச் சத்தமாச் சொன்னேன். ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி, ஆறுக்குட்டின்னு மூணு வாட்டி. துப்பாக்கி வச்சிருந்த சிப்பாய் திரும்பிப் பாத்துப்போட்டு உங்கய்யனுக்கு ஒரு சல்யூட் அடிச்சான்." பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த சல்யூட் போதுமானதாக இருந்தது. வாடகை வீடு மாறினபோது, அம்மா மாராத்தாள் பஞ்சு பொறுக்கப் போனபோது, பள்ளிக்கூடத்தில் 'போலீஸ்கிட்ட அடிபட்டுச் செத்தவன் மவன்' என்றபோது, அப்போதெல்லாம் அந்த சல்யூட்டை எடுத்துப் பார்த்துக்கொள்ளுவான். முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் இந்த ஊருக்கு வந்துபோன ஓர் இன்ஜினீயர் பேச்சுவாக்கில் சொன்னார், உள்ளே வாயே திறக்கக்கூடாதப்பா, நிற்கவும் விடமாட்டான், நடந்துகொண்டே பார்க்க வேண்டியதுதான். அன்றைக்குக் கல் உள்ளே புகுந்தது.

"ஏனுங்ணா, இதுக்கு டிக்கெட் இல்லீங்ளா?" என்றான் பின்னால் நின்ற ரங்கராஜு. கூட வந்த பிட்டர், நஞ்சப்பனைவிட ஆறு வயது சின்னவன், வாய் ஓயாது. இரண்டு பேரையும் கம்பெனி இங்கே ஒரு புது மில்லில் மெஷின் பூட்டி ஓடவைக்க அனுப்பியிருக்கிறது. "இல்லடா, சும்மாதான்." "சும்மா காட்டறானா? நம்மூர்ப் பொருட்காட்சில பாம்பு உடம்பு மனுசத் தலைப் பொண்ணப் பாக்கறதுக்கே அஞ்சு ரூபா வாங்குனானுங்." "கம்முனு வா." "மெழுகுதானுங்ணா இது. எங்க பெரியப்பன் மவன் சொல்றான், ஒரிசினல் எப்பவோ கெட்டுப்போச்சாமா." நஞ்சப்பன் கோட்டுக் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் அடி முன்னே நகர்ந்தான். ரங்கராஜு கோட்டு முதுகைத் தடவிப் பார்த்தான். "இது எங்கீங்ணா புடிச்சீங்க? ஊட்டி மார்க்கெட்ல பழசு விக்கறவன் கடையில தொங்குமே, அந்தச் சரக்காட்ட இருக்குது." "இந்த ஊர்க் கோட்டுடா இது. நாப்பது வருசத்துக்கு முன்னால இங்க வாங்குனது." "அப்ப இங்கத்தவனுக்குக் குளிரே தெரியாதாட்ட இருக்குது. இதைப் போட்டுட்டு நீங்க பல்லு அடிக்கறீங்க." நஞ்சப்பனுக்கு முகம் சுண்டியது. கிளம்புகிற அன்று வெள்ளிங்கிரி பெட்டியைத் திறந்து, ரசகற்பூர உருண்டைகளை உதிர்த்துவிட்டு, கை நடுங்க எடுத்துக் கொடுத்த கோட்டு. எண்பத்து மூன்று வயது. "நான் போட்டுட்டு நின்ன எடத்துல நீ போட்டுட்டு நில்லு கண்ணு" என்றார். பல் அடித்துக்கொண்டது உண்மைதான். இந்தக் குளிர் கோட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, பனியனில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஊட்டிக் குளிர் எப்படி இருக்கும் என்று யோசித்தான், உடனே யோசிப்பதை நிறுத்தினான். மனுஷனுக்கு நன்றி என்று ஒன்று வேண்டாமா. ஐடிஐயில் இடம் வாங்கிக் கொடுத்தது யார், கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டது யார், அம்மா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தது யார். ஒன்றுதான், கஞ்சியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். அம்மா முகத்தை அவர் நேராகப் பார்த்து நஞ்சப்பன் பார்த்ததில்லை. தோழர்கள் அப்படித்தான் போலிருக்கிறது, சிநேகிதன் பெண்டாட்டி என்று மரியாதை, என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டான். இந்த வயதில் என்ன நினைப்பது என்று தெரியவில்லை.

கைபேசி பையில் நடுங்கியது. எடுக்காமலே தெரியும், சங்கத்துச் செயலாளர். மில் போய் அடுக்குமாடி வந்துவிட்ட இடத்தில், பழைய கேட் இருந்த மூலையில் அய்யனுக்கு ஒரு கல் நடுகிறார்கள். கல் கொத்துகிறவர் உளியோடு உட்கார்ந்திருக்கிறார், இன்று மத்தியானத்துக்குள் வாசகம் முடிவாக வேண்டும், மகன் சம்மதம் வேண்டும். 'உலகத் தொழிலாளர் தலைவரின் திருமுன் மும்முறை பெயர் ஒலிக்கப்பெற்ற தியாகி ஆறுக்குட்டி.' திருமுன்னாம். சாமி இல்லை என்று சொல்லிச் செத்தவருக்குத் திருமுன். காகிதத்தில் படித்தபோதே அவனுக்குக் கசந்தது, ஆனால் கசந்தது அந்தச் சொல் அல்ல. வெறும் பேச்சாக இருக்கிறவரை பொய்யாக இருந்தாலும் அது காற்றில் போய்விடும். கல்லில் ஏறிவிட்டால்? தன் பேரன் அதைத் தடவிப் படிப்பானே. பெயர் ஒலித்தது பொய் என்றால் அப்புறம் எது நிஜம், நீ போ நான் நிற்கிறேன் என்று அய்யன் சொன்னது நிஜமா, அதற்கும் சாட்சி வெள்ளிங்கிரி ஒருத்தர்தானே. அய்யன் கொடுத்தாரா, இவர் பிடுங்கினாரா. ரயிலேறினவர் போய்ச் சேர்ந்தாரா. இல்லை பயந்துபோய் எங்கேயாவது இறங்கி ஒளிந்தாரா. சிநேகிதன் அடி வாங்கும்போது இவர் எங்கே இருந்தார். அய்யன் தனியாகவா செத்தார். இருபது வருஷமாகச் சுற்றிச் சுற்றி அந்தக் கடைசிக் கேள்வியில் வந்து முட்டுகிறது, முட்டினதும் திரும்பிவிடுகிறது.

வரிசை நகர்ந்தது. முன்னால் ஒரு கிழவி, தலையில் துணி கட்டியவள், கையில் இரண்டு சிவப்புப் பூ. அவள் தலைவருக்காக வந்தாளா, தன் வாலிபத்துக்காக வந்தாளா என்று தோன்றியது. இந்த நாட்டில் இப்போது தலைவரும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை, உடம்பு மட்டும் இருக்கிறது. அவனும் ரங்கராஜுவும் பூட்டிக்கொண்டிருக்கிற மெஷின் ஆட்டோ கோனர், இழை அறுந்தால் தானே தேடிப் பிடித்துக் காற்றாலேயே இழையோடு இழை சேர்த்துவிடும், முடிச்சே கிடையாது, நூறு பெண்கள் செய்கிற வேலையை நாலு பெண்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆறுக்குட்டி மகன் ஊர் ஊராகப் போய் ஆறுக்குட்டிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். இதையும் கல்லில் போடச் சொல்லலாம். முடிச்சு என்றதும் அய்யன் கால் வந்தது. எப்போதும் அப்படித்தான், முடிச்சு என்றால் அந்தக் கால். ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஏற்கெனவே கட்டியிருந்தது. நாலைந்து இழை முறுக்கின மில் நூல். குளிப்பாட்ட வந்த நாவிதர் பழனி அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை. "இது வைண்டிங் முடிச்சுங்க ஆத்தா, அவுராது, அறுக்கத்தான் வேணும்" என்றார். அம்மா அழுகைக்கு நடுவில் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்காரன் கட்டுவானா இப்படி? போலீசுக்காரன் கட்டுவானா? யாரு கட்டுனது?" ஸ்ட்ரைக்கில் இருந்த ஆள் பூராவும் அன்று ஜெயிலிலோ காட்டிலோ இருந்தார்கள். அம்மா சாகிறவரை ஆளுக்கு ஆள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், போகப்போகக் கிறுக்குக் கேள்வி என்று எல்லோரும் சிரித்துவிட்டு விட்டார்கள், அவனும்தான்.

வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொப்பியைக் கழற்றச் சைகை. உள்ளே படி கீழே இறங்கியது, கறுப்புக் கல் சுவர், வெளிச்சமில்லை, கிழவியின் பூட்ஸ் சத்தம் மட்டும். திருப்பத்துக்கு ஒரு சிப்பாய், விரல் உதட்டின்மேல். கதையில் வருகிற மண்டபம் பெரிதாக, வெளிச்சமாக, கல்யாண மண்டபம் போல இருக்கும். இது குகை. நடுவே ஒரே ஒரு இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக வெளிச்சம், அதில் முகமும் கையும். சின்ன உடம்பு. இத்தனை சின்ன ஆளா. முகத்தில் ஒரு சலிப்பு, எழுந்து போக விடமாட்டேன் என்கிறார்களே என்பது மாதிரி. ஒரு கை மூடி, ஒரு கை விரிந்து. ஒருகணம் அவனுக்கு அந்த ஆள் மேல் பரிதாபம் வந்தது. எரிக்கவும் மாட்டேன் என்கிறார்கள், புதைக்கவும் மாட்டேன் என்கிறார்கள், தினமும் எழவு. வரிசை நிற்காமல் பெட்டியைச் சுற்றிப் போனது. கால்மாட்டுப் பக்கம் வந்ததும் நஞ்சப்பன் வாயைத் திறந்தான். திறக்க வேண்டும் என்று வந்தவன்தான். "ஆறு" என்று வந்தது. சிப்பாய் பாம்பு சீறுவது மாதிரி "ஷ்" என்றான், முழங்கையைப் பிடித்து ஓர் அடி முன்னே நகர்த்தினான், சல்யூட் அடிக்கவில்லை. மிச்சப் பெயர் வாயிலேயே நின்றது. அந்தப் பாதிப் பெயரோடு அவன் கண்ணைக் கீழே இறக்கினான். கால் இருக்க வேண்டிய இடத்தில் கால் இல்லை. இடுப்பிலிருந்து கறுப்புத் துணி போர்த்தியிருந்தது, மேடாகக்கூட இல்லாமல், வழவழவென்று. அதற்குள் வெளியே போகும் படி வந்துவிட்டது, குளிர் வந்துவிட்டது, ரங்கராஜு "அவ்ளோதானுங்ளா?" என்றான்.

அவ்வளவுதான். ஆனால் நஞ்சப்பன் அந்தப் படியிலேயே நின்றுவிட்டான், பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பெயர் சொல்ல முடியாது என்பது அவனுக்கு முன்னமே தெரிந்ததுதான், அது அவ்வளவாக வலிக்கவில்லை. கால்தான். வெள்ளிங்கிரி மேடைக்கு மேடை சொல்லுகிற பேச்சு, மே தினத்துக்கு மே தினம், கைதட்டல் எங்கே விழும் என்றுகூட அவனுக்கு மனப்பாடம். "தோழர்களே, மொதல்ல என் கண்ணுல பட்டது காலு. பூட்ஸ் இல்லாத வெறுங்காலு. பெருவிரலு ரெண்டும் தனித்தனியா நிக்குது, கட்டலை. நம்மூர்ல மூச்சு நின்னா மொத வேலை என்னங்க? பெருவிரலச் சேத்துக் கட்டறதுதானுங்க? அங்க கட்டலை. கட்டுனாத்தான் பொணம். கட்டாதவன் எந்திரிச்சு வருவான்." அங்கே கைதட்டுவார்கள். பெயரையும் சல்யூட்டையும் சந்தேகப்பட்டவன் இந்தக் காலை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இட்டுக்கட்டுகிறவன் அப்படி ஒன்றைச் சொல்லமாட்டான், பார்த்தவன்தான் சொல்லுவான் என்று நினைத்திருந்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறான், அதுதான் கஷ்டம். பார்த்த ஆள்தான். எங்கே பார்த்தார்? "அப்பெல்லாம் போத்தாம வச்சிருப்பாங்களோ என்னமோ" என்று வாய்விட்டே சொன்னான். "என்னதுங்ணா?" "காலுடா. நாப்பது வருசத்துக்கு முன்னால." ரங்கராஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் உதவி என்றால் முன்னால் நிற்கிறவன். சதுக்கத்து மூலையில் பழைய தபாலட்டை விற்கிறவரிடம் போய்க் கையைக் காலைக் காட்டி, ஒரு கட்டு அட்டையே வாங்கிவந்து விரித்தான். மங்கிப்போன படங்கள், பின்பக்கம் வருஷம் அச்சிட்டிருந்தது. "இது அறுவத்தஞ்சு. இது எழுவத்தி ஒம்போது. இது ஐம்பதுக்கும் முந்துனதுங்ணா. எல்லாத்துலயும் போத்தித்தான் வச்சிருக்கான். ஏனுங், காலு ஏதாச்சும் ஆகிப்போச்சுங்ளா அந்தாளுக்கு?"

நஞ்சப்பன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கறுப்புத் துணி, கறுப்புத் துணி, கறுப்புத் துணி. பெட்டிக்கு முன்னால் நிற்காத ஒரு தமிழன், பெட்டிக்கு முன்னால் நின்றதாகச் சொல்ல வேண்டுமென்றால், கண்ணை மூடினதும் அவனுக்கு என்ன தெரியும்? கால்தான் தெரியும். எழவு வீட்டில் நாம் நிற்பது கால்மாட்டில். தலைவருக்கும் ஒரு கால்மாட்டை அவர் தானாகப் போட்டுக்கொண்டார். சரி, கால் அப்படி வந்தது. கட்டாத விரல் எப்படி வந்தது? கட்டாத விரலைப் பார்த்துத் துடித்துப்போனவனுக்கல்லவா அது அப்படி நிற்கும். அப்போதுதான் அம்மா செத்த நாள் ஞாபகம் வந்தது. ஆறு வருஷம் முன்பு. வெள்ளிங்கிரி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, நேராகப் போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்து, நாலாக மடித்து, தொடையில் வைத்து ஒரு முறுக்கு முறுக்கி, பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று, இரண்டு சுற்று, கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சு. கை நடுங்குகிற கிழவன், முடிச்சில் மட்டும் நடுக்கமில்லை. பழனியின் மகன் அதை அவிழ்க்க முடியாமல் அறுத்தான், "அந்தக் காலத்து மில் முடிச்சுங்க" என்று சிரித்தான். நஞ்சப்பன் அழுதுகொண்டிருந்தான், கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறது. ஒரே முடிச்சு. அய்யன் காலிலும் அம்மா காலிலும். அப்படியானால் இந்த ஆள் ரயிலிலிருந்து இறங்கித் திரும்பி வந்திருக்கிறார். இல்லை, ஏறவே இல்லையோ. கேட்டுக்கு எதிரே எங்கேயாவது பதுங்கி நின்று அடி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. ஓடிப்போனவரோ, ஓடி வந்தவரோ. எதுவானாலும் போலீஸ் நிற்கிற ஆஸ்பத்திரிக்குள் எப்படியோ நுழைந்து, அய்யன் கால்மாட்டில் நின்று, கட்டாமல் கிடந்த விரலைப் பார்த்திருக்கிறார். கட்டாதவன் எழுந்து வருவான் என்று கொஞ்சநேரம் காத்திருந்தாரோ என்னவோ. பிறகு கட்டியிருக்கிறார். அதை வெளியே சொல்ல முடியாமல், கதைக்குள்ளேயே உலகத்தின் இன்னொரு கோடிக்குப் போய்த் தன்னை ஒளித்துக்கொண்டார், ஒரு கோட்டை வாங்கி, ஒரு பேட்ஜைக் குத்தி, ஒரு சிப்பாயைச் சல்யூட் அடிக்கவைத்து. இரண்டு மாதம் என் அம்மா யார் கட்டினது யார் கட்டினது என்று தெருவில் நின்று கேட்டாள். முப்பத்தாறு வருஷம் கேட்டாள். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனீர். கோபம் வந்தது, கூடவே வேறு ஒன்றும் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

திரும்ப வாங்கியிருந்த கைபேசியில் வெள்ளிங்கிரி வீட்டுக்கு அடித்தான், அவர் மகள் எடுத்தாள். "அப்பா காலைல இருந்து போனையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்ணா" என்று கொடுத்தாள். இருமல் கேட்டது. "கண்ணு. போனயா?"

"போனனுங்க தோழர்."

"குளுரு எப்பிடி? கோட்டு தாங்குச்சா?"

"தாங்குச்சுங்க."

"பாத்தயா?"

"பாத்தனுங்க."

"காலு?" என்றார். கேட்டிருக்க வேண்டியதில்லை, அவராகக் கேட்டார். நஞ்சப்பன் சதுக்கத்தைப் பார்த்தான். பூக்கிழவி போய்க்கொண்டிருந்தாள், கை வெறுங்கையாக.

"கால் தெரியலீங்க. எப்பவுமே போத்தித்தான் வச்சிருக்காங்களாமா."

மறுபடி இருமினார். பிறகு மெல்ல, "சங்கத்துல இருந்து கூப்புட்டாங்க சாமி. கல்லுல என்ன போடறதுன்னு கேக்கறாங்க. நீ என்ன சொல்றயோ அது" என்றார். குரல் கிழவனுடையதாக இல்லை, பிடிபட்ட பையனுடையதாக இருந்தது.

எங்கே இருந்தீர் என்று கேட்கலாம். ஏன் பொய் சொன்னீர் என்று கேட்கலாம். இருபது வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்விகள். கேட்டால் பதில் வரும், பதில் மறுபடி ஒரு கதையாக இருக்கும். அய்யன் தனியாகவா செத்தார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். நஞ்சப்பன் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். அடியில், தையலோரம், விரலுக்குக் கொஞ்சம் நூல் தட்டுப்பட்டது, பழைய நூல், முறுக்கேறினது.

"கல்லு இருக்கட்டும்ங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க தோழர்" என்றான். "நீங்க முடிச்சுப் போடறப்ப, எங்கய்யன் கால்ல சூடு இருந்துதுங்களா?"